உள்ளே பாதி காலி

என் அக்கா வீட்டுக்காரருக்கு வேலையே சந்தேகப்படுவதுதான். விமான நிலையத்தில் எக்ஸ்ரே திரைக்கு முன்னால் உட்கார்ந்து, ஊரார் பைக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்று பார்ப்பார். சம்பளம் வாங்கிச் செய்கிற அந்த வேலையை வீட்டில் இலவசமாகச் செய்வார். பாலில் தண்ணீர் எவ்வளவு, பக்கத்து வீட்டுக்காரர் எதற்குச் சிரித்தார், எல்லாமே விசாரணைதான். அக்காவை மட்டும் அவர் சந்தேகப்பட்டதில்லை. அந்த ஒரு நம்பிக்கையில்தான் அந்த வீடு ஓடிக்கொண்டிருந்தது.

அதற்கு வேட்டு வைக்க வந்தது ஒரு விளையாட்டு மெஷின். கையில் பிடித்துக்கொண்டே கம்ப்யூட்டர் கேம் ஆடலாமே, அது. வேலைக்குப் போகும் பஸ்ஸில் ஆட வேண்டும் என்று அவருக்கு ரொம்ப நாள் ஆசை. தனக்கென்று எதையும் வாங்கிக்கொள்கிற ஆளில்லை, பாவம். நான் எலக்ட்ரானிக்ஸ் கடையில் விற்பனையாளன். எங்களிடம் இரண்டு கம்பெனி மெஷின் இருந்தது. கறுப்புக்குப் பெரிய திரை, பெரிய பேட்டரி, நல்ல கனம். வெள்ளை சின்னது, லேசானது. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை.

"நீ எதைச் சொல்றே?" என்றார்.

"பஸ்ஸுக்கு வெள்ளைதான் மாமா."

"அதுல உனக்கு எவ்வளவு?"

எனக்குச் சுருக்கென்றது. வாயைத் திறந்தால் கமிஷன், மூடினால் சதி. "நீங்களே பாத்துக்குங்க" என்று, காட்சிக்கு வைத்திருந்த இரண்டையும் கொடுத்தனுப்பினேன். மனுஷர் என்ன செய்தார் தெரியுமா? வேலைக்குக் கொண்டுபோய் இரண்டையும் பைகளைச் சோதிக்கிற எக்ஸ்ரே மெஷினுக்குள் விட்டுப் பார்த்திருக்கிறார்.

"வெள்ளைக்குள்ள பாதி காலிடா. கறுப்பு நிறைஞ்சு கிடக்கு. காத்துக்கா காசு குடுக்கச் சொல்றே?"

சூடு வெளியேற இடம் வேண்டும் என்று சொல்லிப் பார்த்தேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

இதற்கு நடுவே, கேம் என்றால் கிலோ என்ன விலை என்று கேட்கிற அக்கா, "வெள்ளையையே வாங்குங்க" என்று பிடிவாதமாக நின்றாள். மாமா எனக்குப் போன் போட்டார்.

"அக்காவும் தம்பியும் சேர்ந்து என்னடா பண்றீங்க? வீட்ல எவர்சில்வர் டம்ளரெல்லாம் காணோம். பிளாஸ்டிக் கப்புல டீ தர்றா. டிபன் பாக்ஸையும் மாத்திட்டா. கேட்டா பழசாயிடுச்சுங்கறா. எதையோ மறைக்கறா."

அவளிடமும் அப்படியே கேட்டிருக்கிறார். அக்கா சண்டை போடவில்லை. பேச்சைக் குறைத்துக்கொண்டாள். அவள் கோபத்தை எனக்குத் தெரியும், இந்த மௌனம்தான் பயமாக இருந்தது. போயும் போயும் ஒரு பொம்மைக்காகவா குடும்பம் ரெண்டுபட வேண்டும் என்று ஆத்திரம் வந்தது. வேறு கடை பார்க்கச் சொல்லிவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

சனிக்கிழமை இருவரும் கடைக்கு வந்தார்கள். மாமா கறுப்பு என்று முடிவு பண்ணியே வந்திருந்தார். அக்கா அவருக்கு இடப்பக்கம் ஒட்டி நின்றாள்.

"எதுக்கு வெள்ளை வெள்ளைங்கறே? இவன் முன்னாடியே சொல்லு."

"லேசா இருக்குல்ல."

"லேசா இருந்தா உனக்கென்ன?"

மாமா கறுப்பை இரண்டு கையாலும் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்தார். கொஞ்ச நேரத்தில் இடது கையின் கடைசி இரண்டு விரல்கள் தாமாகவே விரிந்தன. மெஷின் நழுவியது. நான் "ஐயோ" என்பதற்குள் அது அக்காவின் கையில் இருந்தது. அவள் தாவிப் பிடிக்கவில்லை. அவள் கை முன்பே அடியில் விரிந்திருந்தது.

மாமா அந்தக் கையையே பார்த்தார்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"சட்டைப் பட்டனை அவுக்காம தலைவழியா மாட்ட ஆரம்பிச்சீங்களே, அப்பலேர்ந்து."

"வேலையில தெரிஞ்சா ஸ்க்ரீன்லேர்ந்து எடுத்துருவாங்க."

"அதான் நானும் யார்கிட்டயும் வாய் திறக்கல. இவன்கிட்டகூட. நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன். முதல்ல டாக்டரைப் பாப்போம்."

மாமா தலையாட்டினார்.

"வெள்ளையையே பில் போடு" என்றார் என்னிடம். "உன் கமிஷனையும் சேத்துப் போட்டுக்கோ."

சீல் பிரிந்திருக்கிறதா, பெட்டி நம்பரும் பில் நம்பரும் ஒன்றா என்று பார்க்காமல் அவர் ஒரு பொருளும் வாங்கி நான் கண்டதில்லை. அன்று பெட்டியைப் பிரிக்காமலே அக்காவிடம் கொடுத்துவிட்டு, இடது கையை அவள் தோளில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தார்.