எங்கள் வீட்டில் சொல்லாத சொல்

அப்பாவின் திதிக்கு வந்திருந்து இந்தச் சிறு நினைவு மலரைக் கையில் வாங்கிய உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள். இங்கே எழுத்துப் பிழை இருந்தால் அது என்னுடையது. அச்சுப் பிழை இருந்தால் அதுவும் நான் சரியாகப் பார்க்காததுதான். யாருடைய பெயரையாவது விட்டுவிட்டோமோ என்ற கவலையில் ஒரு வாரமாக எனக்குச் சரியான தூக்கம் இல்லை. விட்டுப்போயிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், வேண்டுமென்று செய்ததில்லை.

அப்பா காலமானபோது எங்களுக்கு மலர் போடுகிற நிலைமை இல்லை. எனக்கு மூன்று வயது. தம்பி கைக்குழந்தை. இத்தனை காலம் கழித்து இப்போது என்ன மலர் என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அப்பாவைக் கண்ணால் பார்த்தவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டே வருகிறார்கள். தம்பிக்கு அப்பா என்றால் சுவரில் இருக்கும் கல்யாணப் போட்டோ மட்டும்தான். எனக்கும் அதைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். சணல் வாசனையும் சுக்கு வாசனையும் கலந்து வீசும் ஒரு சட்டை, சைக்கிளின் முன்கம்பியில் உட்கார்ந்து போனபோது என் தலைமேல் இடித்த ஒரு தாடை. மற்றதெல்லாம் பிறர் சொல்லிக் கேட்டது. கேட்பதற்கும் ஆள் இல்லாமல் போய்விடுமோ என்று பயந்துதான் இந்த வேலையைத் தொடங்கினேன்.

அப்பா பிறந்தது தென்காசிப் பக்கம். இதை எனக்கு விவரமாகச் சொன்னவர் அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை. அவருக்கு இப்போது காது மந்தம். போனில் நான் கத்த, அவர் அதைவிடச் சத்தமாகக் கத்த, பக்கத்து வீட்டுக்கெல்லாம் எங்கள் குடும்பக் கதை தெரிந்துவிட்டது.

"அப்பா ரொம்ப தைரியசாலியா அத்தை? தனியா இந்தக் கொச்சிக்கு வந்திருக்காரே" என்று கேட்டேன்.

"யாரு, எந்தம்பியா? நல்லாச் சொன்னே போ. பூட்டைப் பூட்டிட்டு ரெண்டு மூணு வாட்டி இழுத்துப் பாப்பான். தெருமுக்கு வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்து இன்னொருக்க இழுப்பான். லாரில ஏறிக் கொச்சிக்குப் போனவன், போற வழியெல்லாம் டிரைவர்ட்ட 'பிரேக்கு பிடிக்குதா அண்ணாச்சி'ன்னு கேட்டுக்கிட்டே போனானாம்."

கேஸை அணைத்தோமா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி ஓடுகிறவள் நான். என் மகன் இதற்காக என்னைக் கேலி செய்யாத நாள் கிடையாது. இந்தக் குணம் எங்கிருந்து ஒட்டியது என்று அன்றுதான் தெரிந்தது.

"ஏட்டி, அந்தக் கல்யாணப் போட்டோல அவன் கேமராவைப் பாக்காம எங்கிட்டோ பாத்துக்கிட்டு இருப்பான்லா, எதைன்னு நெனச்சே?"

வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

"வெக்கமா? வாசல்ல கழட்டிப் போட்ட புதுச் செருப்பைப் பாத்துக்கிட்டு இருக்கான். எவனாவது போட்டுட்டுப் போயிருவான்னு."

கொச்சியில் எங்கள் மட்டாஞ்சேரிப் பகுதியில் அப்பாவுக்குக் கிடைத்த வேலை, யூதர்கள் குடியிருந்த ஜூ டவுன் பக்கத்தில் ஒரு மலைச்சரக்குக் கிடங்கில் மூட்டை வாய் தைப்பது. மிளகும் சுக்கும் நிறைத்த சாக்கின் வாயைக் கோணி ஊசியால் இழுத்துத் தைக்க வேண்டும். தைத்த மூட்டையை அவரே ஒருமுறை தூக்கிக் குலுக்கிப் பார்ப்பாராம், பிரிந்துவிடுமோ என்று. அந்தக் கிடங்கு இப்போது வெளிநாட்டுக்காரர்களுக்குப் பழைய சாமான் விற்கிற கடை. மலருக்காக ஒருநாள் உள்ளே போய்ப் பார்த்தேன். விற்பனைக்கு நின்ற பையன், "எந்தா வேண்டது சேச்சி?" என்றான். எங்கள் அப்பா இங்கேதான் வேலை செய்தார் என்றேன். அவன் முகம் மாறிவிட்டது. கடையில் பங்கு கேட்டு வந்திருக்கிறேன் என்று நினைத்தானோ என்னவோ. சும்மா பார்க்கத்தான் வந்தேன் என்று இரண்டுமுறை சொல்லிவிட்டு வெளியே வந்தேன். சுக்கு வாசனை இப்போதும் அந்தச் சுவரில் இருக்கிறது. அது எனக்குப் பெரிய ஆறுதல்.

அம்மா இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். பெயர் சந்திரமதி. எல்லோருக்கும் சந்திரா. அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா, பார்த்து முடித்த கல்யாணம் அது. அப்பாவும் அம்மாவும் சேர்ந்து வாழ்ந்த காலம் அதிகமில்லை. அப்பாவுக்குக் காமாலை வந்தது. முதலில் வைத்தியரிடம் மருந்து குடித்தார். பிறகு முற்றிவிட்டதென்று எறணாகுளத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அம்மா கூடவே இருந்தார். எங்களை அக்கம்பக்கத்தார் பார்த்துக்கொண்டார்கள்.

அப்பா காலமான அன்று மத்தியானம் அவரோடு கிடங்கில் சுமை தூக்கிய ஹம்ஸக்கா ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார். பெயரைப் பார்த்துப் பெண் என்று நினைக்க வேண்டாம், இங்கே முஸ்லிம் அண்ணன்மாரை 'இக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். "சேச்சி போயி குட்டிகளெ கண்டிட்டு வரூ, ஞான் இருக்காம்" என்று பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வர அம்மாவை அனுப்பினார். அம்மா போட்டில் ஏறிக் காயலைக் கடந்து மட்டாஞ்சேரிக்கு வந்தார். எனக்குச் சோறு ஊட்டி, தம்பிக்குப் பால் கொடுத்து, திரும்பிப் போகச் சேலை மாற்றிக்கொண்டிருந்தபோது மாமா ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டார். அவர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போதே எல்லாம் முடிந்திருந்தது. ஹம்ஸக்கா சொன்னதைக் கேட்டுவந்து மாமா அம்மாவிடம் சொன்னார்: "சந்திரா, கஷ்டப்படாமத்தான் போயிருக்காரு. 'போதும்'னு சொன்னாராம். அவ்வளவுதான்."

மாமா ஆறுதலுக்காகத்தான் சொன்னார். பிறகு எங்களைக் கைவிடாமல் தாங்கியவரும் அவர்தான். ஆனால் அந்த ஒரு சொல் அம்மாவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது.

எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டவர்களுக்குத் தெரியும். பரிமாறும்போது யாராவது "போதும்" என்றால் அம்மாவின் கை அப்படியே நின்றுவிடும். "நிறைஞ்சுதுன்னு சொல்லு" என்பார். நாங்கள் அப்படியே பழகிவிட்டோம். தம்பி மனைவி வாழவந்த முதல் நாள், "போதும் அத்தே" என்று சொல்லிவிட்டாள். அம்மா கரண்டியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். தான் என்ன தப்புச் செய்தோம் என்று அந்தப் பெண் இலை முன்னால் உட்கார்ந்து அழுதது. நான்தான் சமாதானம் சொன்னேன்.

நான் படிப்பை விட்டுத் தையலுக்குப் போன வருஷம், ஏன் அம்மா இப்படி என்று ஒருநாள் கேட்டேன். அம்மா அப்போது அப்பா இருந்த அதே கிடங்கில் சுக்கு பொறுக்கிக்கொண்டிருந்தார். முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"எது போதும்னு சொன்னாரு? அதைச் சொல்லாமப் போயிட்டாருடி. இந்த ஊரா, இந்த வேலையா, நானா? நான் போட்ல வந்துக்கிட்டு இருக்கறப்ப அவரு நம்மளை வேண்டாம்னு முடிவு பண்ணிட்டாரு."

அன்றிலிருந்து அந்தக் கேள்வி எனக்கும் வந்து சேர்ந்தது. எனக்குக் கவலைப்பட ஒரு விஷயம் கிடைத்தால் விடமாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். நாங்கள் அவருக்குப் பாரமாக இருந்தோமா என்று எத்தனையோ நாள் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து யோசித்திருக்கிறேன்.

ஹம்ஸக்கா அப்பா காலமான சில மாதங்களிலேயே கல்ஃபுக்குப் போய்விட்டவர். திரும்பி வந்து இப்போது இடப்பள்ளியில் மகள் வீட்டில் இருக்கிறார் என்று தம்பி விசாரித்து அறிந்தான். இரண்டு பேரும் போனோம். கண் பார்வை குறைந்திருந்தது. ஆனால் யார் என்று சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"மோளே, நின்றெ அச்சன் தமிழ் பறயும், ஞான் மலையாளம் பறயும். ரண்டு பேருக்கும் எல்லாம் மனசிலாவும். வழக்கு கூடியால் மாத்திரம் அவன் மலையாளத்தில் சீத்த விளிக்கும். எனிக்கு நல்லவண்ணம் மனசிலாகணுமல்லோ." சண்டை வந்தால் மட்டும் அப்பா மலையாளத்தில் திட்டுவாராம், அவருக்கு நன்றாகப் புரிய வேண்டுமே என்று. சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

அப்பா எப்படிச் சாப்பிடுவார் என்று தம்பி கேட்டான். தன்னைப் போலவா என்று தெரிந்துகொள்ள அவனுக்கு ஆசை.

"சோறு விளம்பான் வந்தால் வாய் திறக்கில்லா. வேணமெங்கில் சும்மா இருக்கும். வேண்டாம்னு வந்தால் இங்ஙனெ." பரிமாறும்போது அப்பா வாயே திறக்கமாட்டாராம். ஹம்ஸக்கா தன் உள்ளங்கையை விரித்து, இல்லாத ஓர் இலைமேல் கவிழ்த்து வைத்துக் காட்டினார். தம்பி என்னைப் பார்த்தான். அவனும் அப்படித்தான் செய்வான்.

பிறகு நான் கடைசி நேரத்தைப் பற்றிக் கேட்டேன். கேட்கலாமா வேண்டாமா என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் யோசித்து, கேட்க வேண்டாம் என்று முடிவு செய்து, கடைசியில் கேட்டுவிட்டேன்.

"ஞான் கிளாஸில் வெள்ளம் கொடுத்து. கொஞ்சம் குடிச்சு. பின்னெ 'மதி'ன்னு பறஞ்ஞு. ஞான் கிளாஸ் மாற்றி வச்சு. பின்னெயும் 'மதி'ன்னு பறஞ்ஞு, வாதிலிலோட்டு நோக்கி. அது கழிஞ்ஞு ஒந்நும் பறஞ்ஞில்லா."

கொஞ்சம் தண்ணீர் குடித்து 'மதி' என்றாராம், கிளாஸை எடுத்து வைத்த பிறகும் வாசலைப் பார்த்து மறுபடி 'மதி' என்றாராம். மலையாளத்தில் மதி என்றால் போதும் என்று அர்த்தம். இந்த ஊரில் அந்தச் சொல்லைக் கேட்காமல் ஒரு சாயா குடிக்க முடியாது. ஹம்ஸக்கா மலையாளத்தில் சொன்னதை மாமா நல்ல தமிழில் மாற்றி அம்மாவிடம் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான் என்று நினைத்தபடி வீட்டுக்கு வந்தேன்.

அம்மா கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். ஹம்ஸக்கா சொன்னதை அவர் சொன்ன மாதிரியே சொன்னேன். எதையும் விட்டுவிடக் கூடாது என்று மலையாளத்திலேயே சொன்னேன். அம்மாவின் விரல் வெற்றிலைமேல் நின்றுவிட்டது.

"என்ன சொன்னாருன்னு சொன்னாரு?"

"மதின்னு. ரெண்டு வாட்டி."

"உங்க மாமா என்கிட்டே போதும்னுதானேடி சொன்னாரு."

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா."

அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குப் படிப்பு போதாது.

"என்னை ஊர்ல எல்லாரும் சந்திராம்பாங்க. அவரு மட்டும் மதிம்பாரு. வீட்டுக்குள்ள மட்டும். உங்க மாமாவுக்குக்கூடத் தெரியாது. கல்யாணம் ஆன புதுசுல சாயாக்கடைக்குப் போயிட்டு வந்து சொல்லுவாரு, 'கடைல உக்காந்திருக்கவன் எல்லாம் உன்னைத்தான் கூப்பிடறான், மதி மதின்னு. எனக்கு ஒரே கோவமா வருது'ன்னு."

இதைச் சொல்லும்போது அம்மா சிரித்தார். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். நெடுநேரம் எடுக்கவில்லை.

என் குணம் என்னைச் சும்மா விடுமா? மறுநாள் அம்மாவிடம் மெல்லச் சொன்னேன்: "அம்மா, அவரு ஹம்ஸக்காட்டே தண்ணி போதும்னும் சொல்லியிருக்கலாமே."

"அவரு எந்தக் காலத்துல போதும்னு வாயால சொன்னாரு? கையைத்தானே வைப்பாரு."

அதையும் உறுதிப்படுத்திக்கொள்ளலாம் என்று ஹம்ஸக்காவுக்குப் போன் செய்தேன். ஒரு கையில் ஊசி குத்திக் கட்டியிருந்தார்களாம். இன்னொரு கையைத் தான் பிடித்திருந்ததாகச் சொன்னார். அதனால் கையை வைத்துக் காட்ட முடியாமல் வாயால் சொல்லியும் இருக்கலாம், அம்மாவைக் கூப்பிட்டும் இருக்கலாம். எனக்கு மறுபடியும் குழப்பம். அம்மாவிடம் சொன்னதற்கு, "உனக்குக் குழப்பம்னா நீ வச்சுக்கோ. எனக்கு இல்ல. தண்ணி வேண்டாம்னு சொல்றவரு எதுக்கு வாசலைப் பாக்கணும்?" என்றார்.

அதற்குமேல் நான் வாதாடவில்லை. அம்மா அவரோடு வாழ்ந்தவர். நான் கேட்டு எழுதுகிறவள்.

இந்த மலர் உருவாக உதவிய எல்லோருக்கும் நன்றி சொல்ல வேண்டும். தொண்டை கட்டும்வரை போனில் பேசிய அத்தைக்கும், அன்று அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்த ஹம்ஸக்காவுக்கும், அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் எங்களுக்குச் சோறு போட்ட எங்கள் வரிசையின் எல்லா வீட்டாருக்கும் நன்றி. இன்று இல்லாத மாமாவுக்கு எங்கள் வணக்கம். அவர்மேல் யாருக்கும் ஒரு வருத்தமும் இல்லை என்பதை அம்மா தனியாக எழுதச் சொன்னார். என் கையெழுத்தைப் படித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றிய தம்பி மகளுக்குத் தமிழைவிட மலையாளம்தான் நன்றாக வரும். எழுத்துக்கூட்டிப் படித்து, சந்தேகம் வந்த இடத்திலெல்லாம் கேட்டுக் கேட்டுச் செய்தாள். அவளுக்கும் நன்றி.

அச்சுக்குக் கொடுக்கும் முன்னால் இதை முழுவதும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். செருப்பு வந்த இடத்தில் சிரித்தார். ஆஸ்பத்திரி வந்த இடத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முடித்த பிறகு, யாரையாவது விட்டுவிட்டேனா, அப்பாவைப் பற்றி இன்னும் ஏதாவது சேர்க்கட்டுமா, இடம் இருக்கிறது என்று கேட்டேன். அம்மா தாள்களை என் கையிலிருந்து வாங்கி, சரியாக அடுக்கி, அதன்மேல் உள்ளங்கையை வைத்தார்.

"போதும்டி" என்றார்.