கிட்டாருக்கு ஒரு தலை

போன வாரம் பம்பாய் முலுண்ட் வீட்டில் அலமாரிக் கதவு கழன்றுவிட்டது. ஒட்ட வந்த தச்சர், தயிர் மாதிரி வெள்ளையாக ஒரு பசையை டப்பாவிலிருந்து பிதுக்கினார். நான் குனிந்து முகர்ந்து பார்த்தேன்.

"என்னம்மா, ஸ்மெல் பண்றீங்க?" என்றார்.

ஒரு வாசனையும் இல்லை. பசை என்றால் நாற வேண்டும் என்பது என் தலைமுறையின் எண்ணம். அப்போதெல்லாம் தச்சர்கள் வச்சிரம்தான் வைத்திருப்பார்கள். மாட்டுத் தோலைக் காய்ச்சி எடுத்தது. அதை அடுப்பில் ஏற்றினால் தெருவுக்கே தெரியும். தாராவியில் ஆறுமுக ஆசாரியின் கொட்டகைக்கு வழி கேட்டவர்களிடம் நாங்கள் முகவரி சொன்னதில்லை, மூக்கைப் பிடிக்க வேண்டிய இடத்தில் திரும்புங்கள் என்போம். எங்கள் வீட்டுப் பூஜை அலமாரியைச் செய்தவர் அவர்தான். அது எதனால் ஒட்டப்பட்டது என்று அப்பா ஒருமுறை கேட்டார். "அத ஏன் சாமி கேக்குதிய" என்றார் ஆசாரி. அப்பா பிறகு கேட்கவில்லை. அலமாரியும் நன்றாகத்தான் இருந்தது.

அப்பா ரயில்வேயில் ஹெட் கிளார்க். மாட்டுங்காவில் ஒரு மாடியில் குடியிருந்தோம். இரண்டாவது உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த வருஷங்கள். ஆபீஸ்களில் ஆள் தட்டுப்பாடு வந்ததால், வேறு வழியில்லாமல் பெண்களையும் எடுத்தார்கள். அப்படித்தான் கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் நான் டைப்பிஸ்ட் ஆனேன். அங்கே கணக்குப் பிரிவில் டிசோசா என்று ஒரு கோவாக்காரர். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பழைய ஃபைல்கள் அடுக்கிய அறையில் உட்கார்ந்து கிட்டார் வாசிப்பார். மீட்டுவதற்குக் குச்சி கிச்சி கிடையாது, வெறும் விரல். தந்திகள் ஆட்டுக்குடலில் திரித்தவை. அந்தச் சத்தத்தால் என் டைப்பிங்கில் தப்பு வருகிறது என்று புகார் சொல்லத்தான் முதலில் போனேன். மறுநாளும் போனேன். அதற்கு மறுநாள் கிட்டாரை என் மடியில் வைத்துவிட்டார். டைப்பிங்கில் தப்பு மட்டும் நிற்கவில்லை.

ஒரு வருஷம் இப்படிப் போனது. பிறகு அவருக்கு ரிட்டயர்மென்ட் வந்தது. அவர் கோவா போகப் போகிறார், கிட்டாரும் கூடப் போகும். கடைகளில் வாங்கலாம் என்றால், சண்டையால் கப்பலில் எதுவும் வருவதில்லை. அப்பாவிடம் கேட்டேன். வீணை கற்றுக்கொள்ளேன் என்றார். வீணையை வைத்தால் நம்மில் ஒருவர் வெளியே படுக்க வேண்டும் என்று அம்மா கணக்குச் சொன்னாள். அப்பா யோசித்துச் சம்மதித்தார். ஒரே ஒரு நிபந்தனை.

"அதோட தலை யாளித் தலையா இருக்கணும். வீணையில இருக்கற மாதிரி."

"எதுக்குப்பா?"

"நாளைக்குப் பெண் பாக்க வருவா. வீணைன்னு நெனச்சுக்கட்டும். நாம பொய் சொல்லப் போறதில்லை. அவாளா நெனச்சுண்டா நாம என்ன பண்றது?"

கிட்டாரின் தலை என்பது கழுத்துக்கு மேலே, தந்தியை முறுக்கும் சாவிகள் இருக்கிற பலகை. நடுவில் நீளமாக இரண்டு பொந்து, பக்கத்துக்கு மூன்று சாவி. மற்றதையெல்லாம் அளவுப்படிதான் செய்ய வேண்டும். அந்தத் தலையின் உச்சி எப்படி இருக்க வேண்டும் என்பது மட்டும் செய்பவர் இஷ்டம். டிசோசா தன் கிட்டாரைப் பழுப்புக் காகிதத்தில் படுக்கவைத்துச் சுற்றி வரைந்து கொடுத்தபோது, உச்சியில் கோடு போடாமல் விட்டிருந்தார். "இது என் தலை. உனக்கு உன்னுடையது வேணும்" என்றார் இங்கிலீஷில்.

ஆறுமுக ஆசாரி அந்தச் சமயம் பட்டாளத்து ஆஸ்பத்திரிக்குக் கட்டில் செய்துகொண்டிருந்தார். கிட்டாரை அவர் அதுவரை தொட்டதில்லை. காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பொட்டிதான, செஞ்சிருவோம்" என்றார். தலைக்கு மாதிரியாக அட்டையில் நாலைந்து வெட்டிக் காட்டினார். எல்லாமே கட்டிலின் தலைமாடு. ஒன்றைப் பார்த்தால் படுத்துக்கொள்ளத் தோன்றும். அம்மா தாமரை வேண்டும் என்றாள். கடைசியில் அப்பா சொன்னதுதான் நடந்தது. ஆசாரி தேக்கில் யாளி செதுக்கினார். பிதுங்கிய கண், சுருண்ட நாக்கு, பல் வரிசை. பொய் சொல்லக்கூடாது, அழகான யாளி.

கிட்டாரை மடியில் வைத்தேன். யாளியின் கனத்தில் கழுத்து தொப்பென்று சாய்ந்தது. விட்டால் யாளி தரையைப் பார்த்தது. தூக்கிப் பிடித்தால் என் காதைப் பார்த்தது. ஒரு கையால் தலையைத் தாங்கிக்கொண்டு அதே கையால் தந்தியை அழுத்துவது எப்படி என்று ஒரு வாரம் முயன்றேன். டிசோசாவிடம் எடுத்துப் போனேன். யாளியின் பல்லைத் தொட்டுப் பார்த்தார். "பாட்டு நடுவில் இது ஏதாவது சாப்பிடுமா?" என்று கேட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், டெல்லியில் வேலை பார்க்கிற ஒரு பையனின் வீட்டார் என்னைப் பார்க்க வருவதாக இருந்தது. காலையில் கிட்டாரைப் படுக்கை விரிப்பில் சுற்றிக்கொண்டு, தாராவிக்கு நடந்தே போனேன். அப்பாவிடம் சொல்லவில்லை.

"தலைய எடுத்துடுங்கோ" என்றேன்.

ஆசாரி உளியைக் கீழே வைத்தார். "ஐயா சொன்னாவளா?"

"இல்லை. நான்தான்."

"இதுல எத்தன நாள் சோலி தெரியுமா தாயி?"

தெரியும் என்றேன். கொஞ்ச நேரம் யாளியின் கண்ணைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார். பிறகு பென்சிலை என்னிடம் நீட்டினார். "எங்க வெட்டணுமோ நீங்களே கோடு போடுங்க. நான் போட மாட்டேன்."

நடுவில் சின்னப் பள்ளம், இரண்டு பக்கமும் தோள்பட்டை போல ஒரு வளைவு. அதுதான் என் மனசில் இருந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே வரைந்ததில் கை நடுங்கிவிட்டது. இடது தோள் ஏறி, வலது தோள் இறங்கிப் போயிற்று. திருத்துவதற்குள் ரம்பத்தை வைத்துவிட்டார். நூல் பிசகாமல், என் நடுக்கத்தையும் சேர்த்து அறுத்தார்.

வீட்டில் அப்பா கேட்டது ஒரே வார்த்தை. "தலை?"

"பையில இருக்கு."

யாளியைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்தார். தன் மேஜை மேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார்.

சாயங்காலம் வந்தார்கள். பையனின் அம்மா கிட்டாரைப் பார்த்து, "வீணையா கொழந்தே?" என்றாள். அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"இல்லை மாமி, கிட்டார்."

"அது சட்டைக்காராள்னா வாசிப்பா?" ஆங்கிலோ இந்தியர்களைச் சொன்னாள்.

"கோவாக்காரர் ஒருத்தர் சொல்லிக் குடுத்தார், மாமி."

அதன்பின் எல்லாரும் கேசரியைக் கவனமாகச் சாப்பிட்டார்கள். அதுவரை வாயே திறக்காத பையன், "ஒரு தோள் ஒசந்திருக்கே, வேணும்னு பண்ணினதா?" என்று கேட்டான்.

"கை நடுங்கிடுத்து" என்றேன்.

அவன் சிரித்தான். எனக்கு அந்தச் சிரிப்பு பிடித்திருந்தது. வாசித்தேன். சுமாராகத்தான் வாசித்தேன்.

சில நாளில் சொல்லியனுப்பினார்கள். பெண் நன்றாக இருக்கிறாள், ஆனால் என்றார்கள். ஆனாலுக்குப் பிறகு எதுவும் இல்லை. அம்மா அழுதாள். "அந்தத் தலைய வெச்சிண்டிருந்தா ஆகியிருக்கும்" என்றாள்.

"ஆகியிருக்கும்" என்றார் அப்பா. "அப்பறம் அவாத்துல போய், இவ ஆயுசு பூரா வீணைன்னு சொல்லிண்டிருக்கணும்."

அதற்குமேல் அவர் அதைப் பற்றிப் பேசியதில்லை. நான் வாசிக்கும்போது எதிரே பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு உட்காருவார். முடிகிறவரை பக்கம் புரளாது. அந்தப் பையனின் சிரிப்பு சில மாதங்கள் என்னைப் படுத்தியது, பிறகு விட்டுவிட்டது. இரண்டு வருஷம் கழித்து வேறு இடத்தில் கல்யாணம் ஆனது. என் வீட்டுக்காரருக்கு இசையைப் பற்றி எந்த அபிப்பிராயமும் இருக்கவில்லை. அது பெரிய வசதி.

பம்பாய் மழைக்கு வச்சிரம் இளகி, அந்தக் கிட்டார் வருஷா வருஷம் வாயைப் பிளக்கும், ஆசாரி வருஷா வருஷம் மூடிக் கொடுப்பார். அவர் காலமான அடுத்த மழையில் மொத்தமாகப் பிரிந்தது. கொட்டகை இருந்த இடத்தில் இப்போது மாடிக் கட்டடம். கிங்ஸ் சர்க்கிளில் டிராம் இல்லை. அப்பா, அம்மா, டெல்லிப் பையனின் முழுப்பெயர், எதுவும் இல்லை. டிசோசா கோவா போய்ச் சேர்ந்ததாக ஒரு கார்டு போட்டார், அவ்வளவுதான். கடைசி நாள் அவர் சொல்லிக் கொடுத்த ஒரு மெட்டை அடிக்கடி மேஜை மேல் விரலால் தட்டிப் பார்க்கிறேன். இரண்டு வரி தானாக ஓடுகிறது. மூன்றாவது எப்படித் தொடங்கும் என்று விரலுக்குத் தெரியவில்லை. அந்த மெட்டின் பெயரையாவது கேட்டு வைத்திருக்கலாம்.