காரியம் டீச்சரின் அலமாரி

மஞ்சள் சோளரவை உப்புமாவின் வாடையும், மதிலுக்கு அப்பால் சுக்கு மிளகுக் கிடங்குகளின் நெடியும் ஒன்றாக மூக்கில் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டு நேரம் என்று அர்த்தம். அறுபதுகளின் தொடக்கத்தில் மட்டாஞ்சேரியில் நாங்கள் படித்த பள்ளிக்கூடத்தில் மணி பார்க்கத் தெரியாத பிள்ளைக்கும் அது தெரியும். உப்புமாக் கொட்டகைக்கு அடுத்து, கிழிந்த தேசப்படங்களும் கால் உடைந்த பெஞ்சுகளும் கிடந்த ஒரு சின்ன அறை. அந்த நேரத்தில் அங்கே ஒரு டீச்சர் உட்கார்ந்திருப்பார். உடுப்பு இல்லாமல் பள்ளிக்கு வராதவள், காய்ச்சலில் கிடப்பவள், அப்பன் குடித்துவிட்டு அடிக்கிறவள், இப்படிப் பிள்ளைகளின் வீட்டுக் காரியங்களை விசாரிப்பது பாடம் நடத்துவது போக அவருக்குக் கொடுத்திருந்த வேலை. பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது, "காரியம் டீச்சர்" என்றால்தான் தெரியும். இன்றைக்கு இதற்கெல்லாம் தனிப் படிப்பும் பட்டமும் இருக்கின்றன. அவரிடம் இருந்தது ஒரு நீல அட்டை நோட்டும், எப்போதும் பூட்டியே கிடந்த ஒரு மர அலமாரியும்தான்.

எங்கள் வீட்டில் தமிழ்தான். அத்தா கம்பத்துப் பக்கத்திலிருந்து வந்து பஜாரில் குடைக்கடை வைத்தவர். அம்மாவுக்கு மீன்காரியிடம் பேரம் பேசுகிற அளவுக்குத்தான் மலையாளம். எங்களுக்கோ பள்ளியில் எல்லாம் மலையாளம், தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்போம். அதனால் பள்ளியிலிருந்து எந்தச் சீட்டு வந்தாலும் பிள்ளைகளே படித்துச் சொல்ல வேண்டும், யாராவது கூப்பிட்டால் பிள்ளையே கூடப் போய் இரண்டு பக்கமும் பேச வேண்டும். எங்கள் தெருவின் தமிழ் வீடுகளிலெல்லாம் இதுதான் வழக்கம். தன்மேல் வந்த புகாரைத் தானே வாசிக்கிற பிள்ளை எந்த லட்சணத்தில் வாசிக்கும்? பெரியவர்களுக்கும் இது அரைகுறையாகத் தெரியும். "இவ வாசிச்சா பாதியக் கழிச்சிட்டுக் கேளு" என்று என்னைக் காட்டி அத்தா சொல்வார். அந்த வித்தையில் என்னை அடிக்க ஆளில்லை.

என் அக்கா ரஹ்மத்துக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. நான் ஐந்தாவது படித்தபோது அவள் ஏழாம் வகுப்பில் ஒருமுறை தோற்று, மறுபடியும் அதே வகுப்பில் இருந்தாள். உயரமானவள் என்பதால் கடைசி பெஞ்சு. பலகையில் எழுதிப்போடுவது ஒன்றும் அவள் கண்ணுக்குத் தெரியாது, பக்கத்தில் இருப்பவளின் நோட்டைப் பார்த்துத்தான் எழுதுவாள். இதை என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள். வீட்டில் சொல்லப் பயம். எங்கள் தெருவில் கண்ணாடி போட்ட ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு மூன்று மாப்பிள்ளை வீட்டார் திரும்பிப் போயிருந்தார்கள். "கண்ணாடி மாட்டின பொண்ண எவன் கட்டுவான்?" என்று அம்மா அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோயிருந்தாள். வயதுக்கு வந்த பெண்ணைப் பள்ளிக்கு அனுப்புவதே அப்போது பெரிய விஷயம். அத்தாவோ ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: "இந்த வருஷம் பாஸானா போகட்டும். இல்லேன்னா வீட்ல இருக்கட்டும்."

அக்காவின் கண் விஷயத்தைக் காரியம் டீச்சர் எப்படியோ கண்டுபிடித்துவிட்டார். அம்மாவை வரச் சொல்லிச் சீட்டு வந்தது. அம்மா வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாகப் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்தாள். டீச்சர் அக்காவை வகுப்புக்கு அனுப்பிவிட்டு, எங்கள் இருவரையும் உட்காரவைத்தார். "ரஹ்மத்து மண்டியல்ல உம்மா, அவள்க்கு கண்ணு காணான் வய்யா" என்று ஆரம்பித்தார். மக்குப் பெண் அல்ல, கண்தான் தெரியவில்லையாம். சனிக்கிழமை தர்ம ஆஸ்பத்திரிக்குக் கண் டாக்டர் வருவதாகவும், தானே அக்காவை அழைத்துக்கொண்டு போவதாகவும், கண்ணாடிக்குச் செலவு கிடையாது என்றும், உம்மா சம்மதித்தால் போதும், மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "பறஞ்ஞு கொடுக்கு மோளே" என்றார், அம்மாவுக்கு எடுத்துச் சொல்லச் சொல்லி.

அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி என்ற சொல் என் வாயிலிருந்து விழுந்தால் அக்காவின் படிப்பும் போச்சு, கல்யாணமும் போச்சு என்று பத்து வயதுப் புத்திக்குப் பட்டது.

"அக்கா நல்லாத்தான் படிக்கிறாளாம். முன் பெஞ்சில உக்காந்தா பாஸாயிருவாளாம்" என்றேன்.

அம்மா துப்பட்டியை விலக்கிக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தாள். "அல்ஹம்துலில்லா! நான் என்னமோ ஏதோன்னு பயந்தே போயிட்டேன். டீச்சரம்மா நல்லா இருக்கணும்னு சொல்லு."

நான் டீச்சரிடம், உம்மா சம்மதித்துவிட்டாள், ஆனால் வீட்டிலேயே டாக்டரிடம் காட்டிக்கொள்வோம் என்கிறாள் என்று மலையாளத்தில் சொன்னேன். டீச்சருக்கும் சந்தோஷம். நீல நோட்டைத் திறந்து அக்காவின் பெயருக்கு எதிரே ஒரு கோடு போட்டார். காரியம் முடிந்தது.

அம்மா சொன்னபடி அக்கா முன் பெஞ்சில் ஒரு வாரம் உட்கார்ந்தாள். பின்னால் இருந்த பிள்ளைகள் மறைக்கிறது மறைக்கிறது என்று கத்தியதில் மறுபடியும் கடைசிக்கே போனாள். பரீட்சையில் தோற்றாள். அத்தா சொன்னதைச் செய்தார்.

எட்டாம் வகுப்புக்காக நான் பக்கத்துக் கட்டடத்துக்குப் போனபோது, அக்கா நிக்காஹ் ஆகித் தோப்பும்படிக்கு வாழப் போயிருந்தாள். ஒரு நாள் காலையில் காரியம் டீச்சர் தேசப்படம் எடுத்துவர என்னிடம் அலமாரிச் சாவியைக் கொடுத்தார். மேல்தட்டில் கைக்குட்டைகளில் சுற்றிய ஆறு மூக்குக்கண்ணாடிகள், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர்ச்சீட்டு. நான் விழித்துக்கொண்டு நிற்கும்போதே மேல் வகுப்புப் பெண் ஒருத்தி வந்து தன்னுடையதை எடுத்து மாட்டிக்கொண்டு போனாள். காலையில் எடுப்பதும், சாயங்காலம் வைத்துவிட்டு வெறுங்கண்ணோடு வீட்டுக்குப் போவதும் அவர்களுக்கு வழக்கமாம். அவரவர் உம்மாவைத் தவிர யாருக்கும் தெரியாது. கல்யாணச் சந்தையைப் பற்றி எங்கள் அம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம் டீச்சருக்கும் தெரிந்திருக்கிறது.

"அக்காவுக்கு ஏன் தரலை?" என்று கேட்டே விட்டேன்.

"வீட்டில் நோக்காம் என்னு நிங்ஙளல்லே மோளே பறஞ்ஞது?" என்றார். வீட்டிலேயே பார்த்துக்கொள்கிறோம் என்று சொன்னது நாங்கள்தானாம். நிஜத்தை அப்போதும் நான் சொல்லவில்லை.

போன மாதம் பேத்தியின் விஷயமாக அதே பள்ளிக்குப் போனேன். அக்காவும் கூட வந்தாள். உப்புமாக் கொட்டகை இல்லை. மிளகுக் கிடங்கில் வெள்ளைக்காரர்களுக்குப் பழைய மரச்சாமான் விற்கிறார்கள். தேசப்பட அறை இருந்த இடத்தில் கவுன்சலிங் அறை, வாசலில் பலகை. அங்கிருந்த இளம்பெண் பேத்தியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு எங்களிடம் நேராகப் பேசினாள். நடுவில் பேச ஒரு பிள்ளை தேவைப்படவில்லை.

திரும்பும்போது வராந்தாவில் அக்கா நின்றாள். நாற்பது வயதுக்கு மேல்தான் அவளுக்குக் கண்ணாடி கிடைத்தது. அதைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "அன்னிக்கு நான் கிளாசுக்குப் போகல. இந்த வாசல்லதான் நின்னேன். டீச்சர் சொன்னதும் கேட்டுச்சு, நீ சொன்னதும் கேட்டுச்சு."

நான் கேட்டேன்: "பின்னே ஏன் உள்ள வரல?"

"அம்மா சிரிச்சா இல்ல? நான் நல்லாப் படிக்கிறேன்னு யாராச்சும் சொல்லி அம்மா சிரிச்சு, அதுவரைக்கும் நான் கேட்டதே இல்ல."

கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்தே அறைவாசல் பலகையை ஒரு எழுத்து விடாமல் சத்தமாக வாசித்தாள்.