ஏரியை மூடினேன் என்று சொன்னேன்

போன ஐப்பசி மாதம், ஒரு திங்கட்கிழமை காலை. தருமபுரி டவுனில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம் இருக்கிற எங்கள் தெருவில்தான் இது நடந்தது.

நாற்பது வீடு உள்ள தெரு. மூட்டை தூக்குகிறவர்கள், லாரி கிளீனர்கள், துணிக்கடையில் நாள் முழுக்க நிற்கிற பெண்கள், இவர்கள்தான் இங்கே குடியிருக்கிறார்கள். ஒரு வீட்டில் தாளித்தால் மூன்று வீட்டில் தும்முவார்கள். பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் மழை ஏமாற்றிய வருடங்களில் பிழைக்க வந்த குடும்பங்கள் இவை. செங்கல் சூளைக்கு மண்ணெடுத்து விட்டுப்போன பள்ளத்தில், சாம்பலையும் உடைந்த கல்லையும் கூடை கூடையாகக் கொட்டி நிரப்பி வீடு கட்டிக்கொண்டோம். மேற்கே ஒட்டினாற்போல ஏரி.

இந்தத் தெருவில் முதல் மாடி வீடு என்னுடையது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளிக் கூடை தூக்கினேன். இன்றைக்கு மூன்று லாரி ஓடுகிறது. மேற்குக் கடைசியில், கிரானைட் போட்ட போர்டிகோ தெரிந்தால் அது என் வீடு. பெருமைக்குச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

ஏரி ஆக்கிரமிப்பை அளக்க வருகிறோம் என்று நோட்டீஸ் வந்ததும் தெருவுக்கே சோறு இறங்கவில்லை. "நீங்க பேசுங்கண்ணா, உங்களுக்குத்தான் பேச்சு வரும்" என்று என்னை முன்னால் நிறுத்தினார்கள். வந்த பெண் அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார்.

"பெரியவரே, நீங்க வந்தப்போ இந்த இடம் எப்படிங்க இருந்துச்சு?"

டீக்கடையில் இருபது வருடமாகச் சொல்லிச் சொல்லி ருசி கண்ட கதை, வாயை முந்திக்கொண்டு வந்துவிட்டது.

"எப்படியா? ஏரிங்க! இடுப்பளவு தண்ணி. நூறு வண்டி மண்ணு கொட்டி, ஏரியவே மூடி வூடு கட்டினவன் நான்!"

அதிகாரி பக்கத்திலிருந்தவரைப் பார்த்து, "எழுதிக்குங்க" என்றார்.

எனக்குப் பின்னால் நின்ற, மூட்டை தூக்குகிற தம்பி ஒருவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அய்யோ அண்ணா, நாப்பது வூட்டயும் ஒரே வாயில முழுங்கிட்டீங்களே!"

"பள்ளந்தாங்க, முழங்கால் தண்ணிதாங்க" என்று பதறினேன். "இப்ப மாத்திச் சொன்னா எப்படிங்க?" என்று அதிகாரி கேட்டார். அவரோடு வந்த சர்வேயர் வரைபடத்தை விரித்தார். ஏரியின் கிழக்கு எல்லைக்கு ஒரு கல் நட்டிருக்க வேண்டும், அது கிடைத்தால் அதை வைத்து அளக்கலாம் என்றார். கிடைக்காவிட்டால் எதிர்க்கரையிலிருந்துதான் அளக்க வேண்டும், அந்தக் கரை சரிந்து இந்தப் பக்கம் தள்ளி வந்திருப்பதால், அப்படி அளந்தால் இந்தத் தெரு மொத்தமும் ஏரிக்குள் வந்துவிடும்.

தெருவே கல்லைத் தேட ஆரம்பித்தது. சாக்கடையில் கையை விட்டார்கள். குப்பையைக் கிளறினார்கள். ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி துவைக்கிற கல்லைப் புரட்டப் போனாள்.

அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். போர்டிகோ கட்டும்போது குறுக்கே நின்றது. கொத்தனாரிடம் சொல்லி, அதன்மேலேயே கான்கிரீட் போட வைத்தவன் நான்தான். எல்லைக் கல்லை மறைப்பது குற்றம். சொன்னால் போர்டிகோ போகும், கேஸும் வரும். எல்லாவற்றையும்விட, என் மானம் போகும்.

பத்து நிமிடம் இருக்கும். அந்தப் பத்து நிமிடமும் நானும் குனிந்து தேடுகிற மாதிரி நடித்தேன்.

எதிர் வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்கிற அம்மா ஒருவர் மட்டும் தேடவில்லை. கான்கிரீட் போட்ட அன்று பார்த்துக்கொண்டு நின்றவர் அவர். சர்வேயர் வரைபடத்தை மடித்து, எதிர்க்கரைக்குக் கிளம்பினார். அந்த அம்மா என் பக்கத்தில் வந்து நின்றார்.

"நான் சொல்ல மாட்டேண்ணா. நீங்களே சொல்லிடுங்க."

அவ்வளவுதான். சர்வேயர் தெருமுனை திரும்பும்போதுதான் எனக்குக் குரல் வந்தது.

"சார், நில்லுங்க! தம்பி, கடப்பாரை எடுத்துட்டு வா. என் போர்டிகோவ ஒடை!"

முதல் அடியில் கிரானைட் இரண்டாகப் பிளந்தது. அந்த அடி என் நெஞ்சில் விழுந்த மாதிரி இருந்தது. கான்கிரீட்டைப் பெயர்த்தபோது, சூளைச் சாம்பலுக்கும் செங்கல் துண்டுகளுக்கும் நடுவில் கல்லின் தலை தெரிந்தது. சர்வேயர் உட்கார்ந்து துடைத்தார். உளிக்குறி அப்படியே இருந்தது.

அளந்து முடிப்பதற்குள் மதியம் ஆகிவிட்டது. யாரும் சாப்பிடப் போகவில்லை. கடைசியில் அதிகாரி சொன்னார். "வூடுங்க எல்லாம் எல்லைக்கு வெளியதான் இருக்கு. பெரியவரோட போர்டிகோ மட்டும் அஞ்சடி ஏரிக்குள்ள."

கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு அந்தத் தம்பி சிரித்தார். "பாத்தீங்களா, ஏரிய மூடினது நெசமாவே எங்க அண்ணன் ஒருத்தர்தான்!"

அழுதுகொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். கல்லை மறைத்ததை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்துவிட்டு, மீதிப் போர்டிகோவை நானே ஆள் வைத்து இடித்தேன்.

மறந்துபோன கல் சமயத்தில் ஞாபகம் வந்தது, சொந்த வீட்டை உடைத்துத் தெருவைக் காப்பாற்றினார் என்று இன்றும் என்னைப் புகழ்கிறார்கள். அந்தப் பத்து நிமிடம் எதிர் வீட்டு அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். செய்தது, செய்யாதது எல்லாவற்றையும் ஊருக்கே சொல்லித் தீர்த்தவன் நான். என்னைப் பற்றிச் சொல்ல இவ்வளவு பெரிய விஷயம் கையில் இருந்தும் அவர் இதுவரை ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை, அதனால் நானே எழுதிவிட்டேன்.