தாஜாக் குழாய்

சபுதானா என்கிற ஜவ்வரிசிக் கிச்சடித் தட்டின் விளிம்பில் ஒரு சொட்டுத் தண்ணீரை விட்டுவிட்டு, மிருணாள் தாம்ளே கன்னத்தை மேசையில் பதித்துப் பக்கவாட்டில் பார்க்கிறாள். துளி குண்டாக நிற்கிறதா, பரவிப் படுத்துவிட்டதா என்று தெரிந்த பிறகுதான் முதல் வாய். புனே ஆய்வுக்கூடத்தின் கேன்டீனில் யாரும் இதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. பஸ் கம்பி, அடுத்தவர் மூக்குக்கண்ணாடி என்று அவள் எதையும் விட்டுவைத்ததில்லை. பெண் பார்க்க வந்த பையனின் மொபைலில் சொட்டு விட்டதால்தான் வரன் தட்டிப்போனது என்பார்கள். அவள் மறுப்பதுமில்லை.

"துளி உருண்டு நின்னா, அந்த இடம் தண்ணிய வேண்டாங்குதுன்னு அர்த்தம். தண்ணி ஒதுங்கின இடத்துல ரத்தத்துல இருக்கிற புரதம் வந்து குந்திக்கும். அப்புறம் கிளப்பவே முடியாது, சதாசிவ் பேட்டை வாடகைக்காரன் மாதிரி" என்பாள்.

உருண்டு புரண்டாலும் ஒட்டுகிறதுதான் ஒட்டும் என்று நாம் ஆறிவிடுவோம். ஒட்டக் கூடாததை ஒட்டவிடாமல் செய்வது அவள் பிழைப்பு. டயாலிசிஸ் நோயாளியின் கழுத்தில் செருகும் சிலிகான் குழாயை, மின்சாரம் பாயும் வாயுப் பெட்டிக்குள் வைத்து எடுப்பாள். தண்ணீரை விரட்டிய குழாய் அதைக் கட்டிக்கொள்ளும். புரதத்துக்கு இடமிருக்காது, குழாயும் லேசில் அடைக்காது. ஆனால் சில வாரம் அலமாரியில் கிடந்தால் குழாய்க்குப் பழைய புத்தி திரும்பிவிடும். அதைக் கண்டுபிடித்தவளும் அவள்தான், அதுதான் வினை.

குழாயை ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பலாமா என்று பார்க்கத் தேர்வுக் குழு வந்த அன்று காலை, ஆய்வுக்கூடத் தலைவர் பட்வர்த்தன் சார், "குழுவுக்கு தாஜா சரக்கா வைம்மா" என்றார். அங்கே தாஜா என்றால் புத்தம் புதுசு. நம் ஊர்ப் பொருளில் எடுத்துக்கொண்டாலும் சாருக்குப் பொருத்தம்தான். அலமாரியில் கிடந்ததையும் காட்டலாமே என்று இவள் இழுத்தாள். அவளுடைய வேலை ஒப்பந்தம் இந்த மாதம் புதுப்பிக்க வேண்டியது என்று அவர் ஞாபகப்படுத்தினார். பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த குழாயை வைத்தாள். துளி அழகாகப் பரவியது. குழு கைதட்டியது. குழாய் ஆஸ்பத்திரிகளுக்குப் போனது.

"நான் வாயே திறக்கல. துளிதான் பொய் சொல்லிச்சு" என்பாள் கசப்பாக. இந்தச் சமாதானத்தை அவளே நம்புவதில்லை.

போன வாரம் அவள் அப்பாவுக்குச் சிறுநீரகம் கைவிட்டது. வார்டில் சிஸ்டர் லதிகா கொண்டுவந்த உறையில் அதே குழாய். தயாரித்துப் பல மாதம் ஆனதாக உறையின் தேதி சொன்னது. உறை பிரிந்ததுதான் தாமதம், மிருணாள் கைப்பையிலிருந்து குப்பியை எடுத்து ஒரு சொட்டு விட்டுவிட்டாள். துளி முத்துப் போல நின்றது.

"என்னக்கா இது, கிருமி இல்லாம வச்சிருந்ததைக் கெடுத்துட்டீங்களே. இனி வேற பிரிக்கணும்."

"வேற கம்பெனி எதாச்சும் இருக்கா?"

"இங்க எல்லாம் இதேதான். பெரிய குழு பாத்து ஒத்துக்கிட்ட குழாய்க்கா."

அடுத்த உறை கிழிந்தது. இரண்டு நாளாகப் பேசாமல் கிடந்த அப்பா, கழுத்தைத் திருப்பிக் காட்டிக்கொண்டே சிஸ்டரிடம் சொன்னார்: "எம் பொண்ணு செஞ்சது. பயப்படாம போடு."

மிருணாள் குப்பியின் மூடியைத் திருகினாள். மூடி இறுகிய பிறகும் திருகிக்கொண்டே இருந்தாள்.