தெலோராவின் வலது எஞ்சின்

சுபோதினி ஆளின் முகத்தைப் பார்க்கமாட்டாள், பல்லைத்தான் பார்ப்பாள். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், மருந்துக்கடைக்கு மேலே, கட்டுப்பல் செய்யும் லாப் வைத்திருக்கிறாள். பல் வைத்தியர்கள் வாயின் அச்சை எடுத்து அனுப்புவார்கள். அவள் மெழுகிலும் அக்ரிலிக்கிலும் பல்லைச் செய்து திருப்பி அனுப்புவாள். இருபத்திரண்டு வருஷமாக இதே வேலைதான். கொழும்பில் எந்தெந்தப் பெரிய மனுஷர் அவள் செய்த பல்லைக் காட்டிச் சிரிக்கிறார்கள் என்று கேட்டால் மட்டும் வாயே திறக்கமாட்டாள்.

அவளிடம் ஒரு பிடிவாதம் உண்டு. பக்கத்துப் பல்லைவிட நேரான பல்லை அவள் வைக்கமாட்டாள். கொட்டாஞ்சேனை அழகுமுத்து பஸ்சிலிருந்து விழுந்து முன்பல்லைப் பறிகொடுத்தபோது, அவருடைய கலியாணப் படத்தைக் கொண்டுவரச் சொன்னாள். அந்தப் பல் உள்பக்கமாகக் கொஞ்சம் திரும்பியிருந்ததைக் கண்டுபிடித்து, அப்படியே திருப்பிச் செய்து அனுப்பினாள். வைத்தியர் ஃபோன் எடுத்துச் சத்தம் போட்டார். அழகுமுத்துவின் மனைவியோ புருஷன் சிரித்ததைப் பார்த்துவிட்டு அழுதேவிட்டாள். பழைய ஆள் திரும்பி வந்துவிட்டாராம். அதற்குப் பிறகு அந்த வைத்தியர் சத்தம் போடுவதில்லை.

இப்படிப்பட்டவளின் கையில்தான் தெலோரா மாட்டிக்கொண்டது.

தெலோரா என்பது ஒரு விண்கப்பல். எழுபதுகளில் இங்கிலாந்தில் எடுத்த ஒரு டீவி தொடரில் வந்தது. நாலடி நீளத்தில் மரத்தாலும் பிளாஸ்ரிக்காலும் ஒரே ஒரு மாதிரிதான் செய்தார்கள். தொடர் முடிந்து கொஞ்சக் காலத்தில் அது ஒரு களஞ்சியத் தீயில் எரிந்துபோனது. உலகம் முழுக்க அதைத் திரும்பச் செய்து பார்க்கும் பைத்தியங்கள் இருக்கிறார்கள். சுபோதினியும் அதில் ஒருத்தி. தொடரின் கதை அவளுக்குப் பாதி மறந்துபோய்விட்டது. கதை யாருக்கு வேண்டும்? கப்பல்தான் வேண்டும். பதினொரு வருஷமாக அந்தக் கப்பல் தெரியும் ஒவ்வொரு காட்சியையும் நிறுத்தி நிறுத்திப் படமாக எடுத்து, வாய்க்குள் பார்ப்பதைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்படிப் பார்த்ததில்தான் அகப்பட்டது. கப்பலின் இரண்டு பக்கமும் இறக்கைக்குக் கீழே ஒவ்வொரு எஞ்சின். உலகத்திலுள்ள எல்லா வரைபடத்திலும் இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்கும். ஆனால் வலது எஞ்சினின் மூக்கு சற்றுத் தாழ்ந்திருந்தது. கமெரா சரிந்திருக்குமோ என்று முதலில் நினைத்தாள். முன்பக்கத்தில் ஏழு யன்னல்கள் வரிசையாக இருந்தன. அந்த வரிசையை மட்டமாக வைத்து அளந்தாள். யன்னல்கள் நேராகத்தான் நின்றன, எஞ்சின்தான் தொங்கியது. இன்னும் தோண்டினாள். தொடரின் முதல் நாலு பகுதியில் இரண்டும் சமம். ஐந்தாம் பகுதியிலிருந்துதான் வலது தாழ்கிறது. இறக்கையோடு சேரும் இடத்தில் மெல்லிய ஒரு மேடு, பட்டி பூசித் தேய்த்த மேடு. உடைந்த பல்லை அவசரமாக ஒட்டினால் அப்படித்தான் இருக்கும். அவளுக்குச் சந்தேகமே இல்லை. யாரோ அதை உடைத்திருக்கிறார்கள், யாரோ அவசரமாக ஒட்டியிருக்கிறார்கள்.

மூன்று வருஷம் ஞாயிறும் பௌர்ணமிப் போயா விடுமுறையும் லாப்பிலேயே இருந்து, பாதி அளவில் தெலோராவைச் செய்துமுடித்தாள். மேட்டையும் வைத்தாள். வலது எஞ்சினை மூன்று மில்லிமீற்றர் தாழ்த்தினாள்.

கொள்ளுப்பிட்டியில் மண்டபமொன்றில் மாதிரி செய்பவர்களின் கண்காட்சி. முதல் பரிசு வாங்கும் மாதிரி அடுத்த வருஷம் சிங்கப்பூரில் நடக்கும் பெரிய கண்காட்சிக்குப் போகும். சுபோதினிக்கு அந்தப் பரிசு வேண்டும். வேண்டாதது போல நடித்தாலும் வேண்டும். தன் கப்பலை அறிந்தவர்கள் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

கண்காட்சிக்கு முதல் நாள் பின்னேரம் கப்பலை மேசையில் வைத்துவிட்டு நின்றபோது, கண்காட்சியை நடத்தும் நபீஸ் வந்து குனிந்து பார்த்தார். நல்ல மனுஷன். முகம் வாடிப்போய்விட்டது.

"அக்கா, கோவிக்க வாணாம். வலது எஞ்சின் கீழ எறங்கி ஈக்கிது. ஜட்ஜ்மார் மொதல்ல அதத்தான் பாப்பாங்க. கொஞ்சம் ஹீட் அடிச்சித் தூக்கினா முடிஞ்சி. பத்து நிமிஷ வேல. மத்ததெல்லாம் பாத்தா முதல் பரிசு ஒங்களுக்குத்தான்."

"அது அப்பிடித்தான் தம்பி இருந்தது. படங்கள் வைச்சிருக்கிறன், பாருங்கோ."

அவள் நீட்டிய ஒன்பது படங்களையும் நபீஸ் பொறுமையாகப் பார்த்தார். "நான் நம்புறன். அவங்க நம்பமாட்டாங்க. ரூல்ல ரெண்டும் சமமா ஈக்கோணும்."

சுபோதினியின் கணவன் பிரியந்தனுக்கு வங்கியில் வேலை. கப்பலை ஏற்ற வாகனம் பிடித்து வந்தவன், பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். "இஞ்சேரும், உலகம் முழுக்க நேரா வைச்சிருக்கு. நீர் ஒராள் சரிச்சு வைச்சா ஆரைப் பிழை எண்டு சொல்லுவினம்? பேசாமல் தூக்கி விடும்."

நபீஸ் சூடு அடிக்கும் கருவியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். சுபோதினி அதைக் கையில் எடுத்தாள். பொய் சொல்லக்கூடாது, எடுத்தாள். சுவிட்சில் விரலும் போய்விட்டது. மூன்று மில்லிமீற்றர். வாயில் மூன்று மில்லிமீற்றர் பிசகினால் ஆள் சோறு சாப்பிட ஏலாது. இங்கே பிசகினால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது. அவளுக்கு மட்டும்தான் தெரியும். அந்த எண்ணம் வந்ததும் கருவியைக் கீழே வைத்துவிட்டாள்.

"தூக்கினா வடிவாய்த்தான் இருக்கும். ஆனால் அது தெலோரா இல்லையப்பா."

பரிசு கிடைக்கவில்லை. நடுவர்கள் வைத்துவிட்டுப் போன துண்டில், வேலைப்பாடு மிகச் சிறப்பு, வலது எஞ்சின் மட்டம் பிசகியுள்ளது என்று எழுதியிருந்தது. முதல் பரிசு கொம்பனித்தெருக்காரர் ஒருவரின் போர்க்கப்பலுக்குப் போனது. அதுவும் அருமையான வேலைதான், அவளே போய்க் கைகொடுத்தாள். ஆனால் உள்ளுக்குள் எரிந்தது. இரண்டு நாளும் வந்தவர் போனவரெல்லாம் "ஒரு பக்கம் தொங்குதே" என்றார்கள். விளக்கம் சொல்லிச் சொல்லி அவளுக்குத் தொண்டை கட்டிப்போனது. இரண்டாம் நாள் பின்னேரம் தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பி வந்தபோது, பிரியந்தன் ஒரு குடும்பத்தையே நிறுத்திவைத்து, யன்னல் வரிசையை விரலால் காட்டி வாதாடிக்கொண்டிருந்தான்.

"தொங்கேல்லை ஐயா, அசல் கப்பலிலயே தொங்கினது! ஐஞ்சாம் பகுதியிலயிருந்து தொங்கினது! என்ர மனுசி பதினொரு வருஷம் படிச்சவ!"

சுபோதினி தூணுக்குப் பின்னால் ஒதுங்கி நின்று கொஞ்ச நேரம் கேட்டாள். பரிசு போனதெல்லாம் அந்த நேரத்தில் அவளுக்குப் பெரிதாகவே தெரியவில்லை.

நபீஸ் கண்காட்சிப் படங்களை இணையத்தில் போட்டிருந்தார். ஏழு கிழமை கழித்து சுபோதினிக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அனுப்பியவர் இங்கிலாந்தில் இருக்கும் ஐரீன், வயது எண்பத்தொன்று. தெலோராவைச் செய்த பட்டறையில் வேலை பார்த்தவர்.

அவர் எழுதியிருந்தது இதுதான். நாலாம் பகுதி எடுத்துமுடிந்த அன்று கப்பலைத் தூக்கிக்கொண்டு போகையில் அவர் கைதவறிப் போட்டுவிட்டார். வலது எஞ்சின் கழன்றுவிட்டது. அடுத்த படப்பிடிப்புக்கு ஒரு மணித்தியாலம்தான் இருந்தது. வேறொன்றும் கையில் அகப்படாமல், தேநீர்க் கரண்டியொன்றின் காம்பை வெட்டி உள்ளே ஊசியாகச் செருகி, பட்டி பூசி ஒட்டிவிட்டார். காய்வதற்குள் சற்றுத் தாழ்ந்துவிட்டது. ஒருவரிடமும் சொல்லவில்லை. பிறகு வந்த எல்லா மாதிரியிலும் அது நேராக இருப்பதைப் பார்க்கும்போது, தான் அங்கே வேலையே செய்யாதது போல இருந்ததாம். "அந்தக் கப்பலில் என் கைபட்ட இடம் என்று எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். நீங்கள் அதை வைத்திருக்கிறீர்கள்" என்று முடித்திருந்தார்.

சுபோதினி அதை மூன்று தரம் வாசித்தாள். லாப்பில் தனியாகத்தான் இருந்தாள். எழுந்து நின்று, ஒருவருமில்லாத அறையில், "நான் சொன்னனான்!" என்று உரத்துச் சொன்னாள். பெருமை வந்தால் வந்ததுதான், அதை மறைக்க அவளுக்குத் தெரியாது.

அடுத்த ஞாயிறு பிரியந்தன் தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனான்.

"இஞ்சேரும், ஆறு கரண்டியில ஒண்டைக் காணேல்லை!"

கூடத்துக்கு வந்து பார்த்தான். மேசையில் தெலோரா கவிழ்ந்து கிடந்தது. வலது எஞ்சினைக் கழற்றியாகிவிட்டது. சுபோதினி அரத்தால் ஒரு கரண்டிக் காம்பை ராவிக்கொண்டிருந்தாள்.

"மேல பட்டி பூசினால் இது ஒருத்தருக்கும் தெரியாதே" என்றான்.

"தெரியாது" என்றாள் சுபோதினி. காம்பை உள்ளே செருகி, எஞ்சினைப் பொருத்தி, வேணியர் அளவுகோலை எடுத்து அளந்தாள். மூன்று மில்லிமீற்றர் தாழ்ந்திருந்தது.