கடைசி சீட்டு வரை

பஸ் டிப்போவில் அவளுக்குக் கடைசி சீட்டு அக்கா என்று பெயர். ஓடி முடித்து வந்து நிற்கும் பஸ்களைக் கூட்டிக் கழுவுவது அவள் வேலை. துடைப்பத்தைத் தொடும் முன் வெறுங்கையோடு ஒரு நடை கடைசி சீட்டு வரை போய், ஒவ்வொரு சீட்டுக்கு அடியிலும் குனிந்து பார்ப்பாள். யாராவது எதையாவது விட்டுவிட்டுத்தான் போயிருப்பார்கள். குடை கிடக்கும். குழந்தையின் ஒற்றைச் செருப்பு கிடக்கும். ஒருமுறை கைக்குட்டையில் சுற்றிய பல் செட்டு கிடைத்தது. "ஐயோ பாவம், சாப்பாட்டு முன்னாடி உக்காந்துட்டுத் தேடுவாங்களே" என்று அன்றைக்கு முழுக்கப் புலம்பினாள். டிரைவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.

எல்லா பஸ்ஸிலும் அவளுக்குப் பிடித்தது மலைப்பக்கம் போய் வருகிற பஸ்தான். குப்பை என்னவோ அதில்தான் அதிகம். மலையில் நடக்கப் போகிறவர்கள் காலையில் அதில் ஏறி, ஒரு நிறுத்தத்தில் இறங்கி, காட்டுப் பாதையில் நடந்து, வேறொரு நிறுத்தத்தில் ஏறி ஊர் திரும்புவார்கள். அவர்கள் காலோடு செம்மண்ணும் புல் விதையும் காய்ந்த இலையும் வந்துவிடும். அதைக் கூட்டும்போது ஒரு வாசனை எழும்பும். மழை பெய்து ஓய்ந்த மாதிரி. இறங்கிப் போகிறவர்களின் முகங்களை அவள் பார்த்திருக்கிறாள். களைத்துப் போயிருப்பார்கள், ஆனாலும் சிரித்துக்கொண்டு போவார்கள். ஆண்டவன் அங்கே அப்படி என்னதான் வைத்திருக்கிறானோ என்று நினைத்துக்கொள்வாள்.

வீட்டில் சிரிப்பு நின்று வெகு நாளாகியிருந்தது. அவள் கணவர் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர். ஏணி சறுக்கி விழுந்து கால் முறிந்தது. எலும்பு கூடிவிட்டது, ஆனால் நடை கோணிவிட்டது. "தினமும் நடக்கணும். உக்காந்தே இருந்தா கால் இப்படியே இறுகிப் போயிடும், அப்புறம் என்கிட்ட வந்து பிரயோஜனம் இல்ல" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி, அடியில் ரப்பர் வைத்த ஒரு கம்பும் கொடுத்து அனுப்பினார். அந்தக் கம்பு, விருந்தாளியைக் கண்டு ஒளியும் குழந்தை மாதிரி கதவுக்குப் பின்னாலேயே நின்றது. அவர் ஜன்னலோர நாற்காலியை விட்டு அசையவில்லை.

"மூணு மாடி உசரத்துல நின்னு பிரஷ்ஷு பிடிச்சவன் நான். கம்பை ஊனிக்கிட்டு இந்தத் தெருவுல போகணுமா? போம்மா."

பெரிய மகள் கையைப் பிடித்துக் கூட்டிப் போக வந்தாள். கையை உதறிவிட்டார். அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை. பதினாலு வயதுப் பெண்ணுக்கும் ரோஷம் இருக்குமல்லவா?

கால் இறுகிக்கொண்டே வந்தது. எண்ணெய் தேய்த்துவிடும் மனைவியின் கைக்கே அது தெரிந்தது. வாய்விட்டுச் சொன்னால் பலித்துவிடுமோ என்று பயந்து, ஆண்டவனிடம் மட்டும் சொன்னாள்.

அந்தச் சமயத்தில்தான் டிப்போவில் ஊழியர் குடும்பங்களுக்கு ஒரு நாள் பாஸ் கொடுத்தார்கள். அவள் மலை பஸ் கண்டக்டரிடம் விசாரித்தாள். குன்றடி நிறுத்தத்தில் இறங்கினால் பக்கத்திலேயே ஓடை, நடக்கவே வேண்டாம், திரும்பி வருகிற பஸ்ஸில் ஏறிக்கொள்ளலாம் என்றான்.

வீட்டுக்கு வந்து சொன்னாள். அவர் ஜன்னலைப் பார்த்தபடியே இருந்தார். சின்ன மகள் போய் மடியில் ஏறிக்கொண்டாள். "அப்பா, நீங்க வரலைன்னா ஓடையில என்னை யாருப்பா பிடிச்சுக்குவா? அம்மாவுக்குத் தண்ணின்னா பயம்."

"கம்பை நான் தொட மாட்டேன்" என்றார் அவர்.

"நீங்க எதுக்குத் தொடணும்? நான் கொண்டு வர்றேன். எனக்குக் கால் வலிச்சா ஊனிக்குவேன்" என்று அதைத் துண்டில் சுற்றிக்கொண்டாள்.

அன்றைக்குக் காலையில் ரொட்டியும் அவித்த முட்டையும் வாழைப்பழமும் ஒரு பையில் போட்டுக்கொண்டு நால்வரும் ஏறினார்கள். தினமும் கையால் துடைக்கிற சீட்டில் சீமாட்டி மாதிரி சாய்ந்து உட்கார அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஊர் முடிந்து வயல் வந்தது, வயல் முடிந்து மேடு வந்தது. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்த அவர் திடீரென்று, "இந்தப் பச்சையைப் பாத்தியா? எந்தக் கம்பெனிக்காரனும் இதைக் கலக்க மாட்டான்" என்றார். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. பைக்குள் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டாள்.

குன்றடி நிறுத்தம் வந்தது. நடக்க வந்தவர்கள் எல்லாரும் முதலில் இறங்கிப் போனார்கள். பெரியவள் குதித்தாள். சின்னவள் இறங்கினாள். அவர் கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினார். அவள் பையும் கம்புமாக பஸ்ஸுக்குள்ளேயே அவரைப் பார்த்து நின்றாள். அவர் கால் மண்ணில் பட்டதும், அப்பாடா என்று மூச்சு விட்டாள். அந்த மூச்சோடு திரும்பியவள், நேரே கடைசி சீட்டுக்கு நடந்தாள்.

யாரும் சொல்லவில்லை. கால் தானாகப் போயிற்று. பஸ் காலியானால் அந்தக் கால்களுக்கு வேறு எதுவும் தெரியாது. வலது பக்கம் குனிந்தாள், இடது பக்கம் குனிந்தாள். கடைசி சீட்டுக்கு அடியில் ஒரு ஆரஞ்சுத் தோல் கிடந்தது. அதைக் கையில் எடுத்து நிமிரும்போது விசில் கேட்டது. பஸ் நகர்ந்தது.

"நிறுத்துப்பா! நிறுத்து! நான் இறங்கல!"

முன்னால் நின்ற கண்டக்டர் திரும்பிப் பார்த்துத் திகைத்தான். "அக்கா! நீங்க இறங்கலையா? பின்னாடி என்ன பண்றீங்க?"

"பாத்துட்டு இருந்தேன்பா."

"இன்னைக்கு உங்களுக்கு லீவுக்கா!"

டிரைவர் கண்ணாடியில் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், பின்னால் ஒரு லாரி. மேட்டில் நிறுத்த இடமே இல்லை. "மலையைச் சுத்தி அடுத்த ஸ்டாப்புலதான் நிறுத்த முடியும். அங்கேயே இருங்க, திரும்பி வர்றப்ப ஏத்திக்கிட்டு வந்து விட்டுடறோம்" என்றார். அவளிடம் போன் கிடையாது. வீட்டில் இருந்த ஒரே போன் கணவரின் சட்டைப் பையில் இருந்தது. கண்டக்டர் தன் போனில் கூப்பிட்டுப் பார்த்தான். மலைக்குள் சிக்னல் இல்லை.

அடுத்த நிறுத்தத்தில் ஒரு தகரக் கூரையும் ஒரு பெஞ்சும் இருந்தன. இலைகள் உதிர்ந்து குவிந்து கிடந்தன. எதிரே ஒரு பலகை. குன்றின் மேல் ஏறிப் போகிற மண்பாதையைக் காட்டி, குன்றடி நிறுத்தத்துக்கு வழி என்று அதில் எழுதியிருந்தது. பஸ் சுற்றி வந்த தூரத்தைப் பாதை குறுக்கே வெட்டிப் போயிற்று.

அவள் பாதையில் கால் வைத்தாள். அப்புறம் பின்வாங்கினாள். தான் இந்தப் பக்கம் போய், அவர்கள் வேறு பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்விட்டால்? நிறுத்தத்துக்கே வந்து நின்றாள்.

சாப்பாடு அவள் கையில். தண்ணீர் அவள் கையில். அவருடைய கம்பும் அவள் கையில். அவர் கோபத்தோடு அந்த நிறுத்தத்திலேயே உட்கார்ந்திருப்பார், இதுக்குத்தான் வர மாட்டேன்னேன் என்று பிள்ளைகளிடம் சொல்வார், வீட்டுக்குப் போய் ஜன்னலோரம் உட்காருவார். இனி யார் கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டார். கால் இறுகிவிடும். ஒரு ஆரஞ்சுத் தோலுக்காக எல்லாம் போயிற்று. அந்தத் தோல் இன்னும் கையிலேயே இருந்தது.

சும்மா நிற்க முடியவில்லை. இலையோடு ஒடிந்து கிடந்த கிளை ஒன்றை எடுத்து நிறுத்தத்தைக் கூட்ட ஆரம்பித்தாள். கூட்டிக்கொண்டே ஆண்டவனோடு பேசினாள். "என் புத்தி அப்படி, நீ படைச்ச புத்திதானே? என்னைத் திட்டிக்கோ. அவர் மனசை மட்டும் நொடிய விட்டுடாதே." பெஞ்சுக்கு அடியிலும் குனிந்து கூட்டினாள். தரை வீட்டுத் தரை மாதிரி ஆகிவிட்டது. கூட்ட இலை இல்லை என்றான பிறகும் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா! இங்கேயும் கூட்டுறியா?"

நிமிர்ந்து பார்த்தாள். குன்றின் மேல் சின்னவள் கையை ஆட்டிக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் இரண்டு தலைகள் எழும்பின. பெரியவளின் தோளில் கையை வைத்து, அவர் வந்துகொண்டிருந்தார். ஒரு எட்டு வைத்து நின்றார். மறுபடி ஒரு எட்டு. பெரியவள் நேராகப் பார்த்தபடி, தலையில் தண்ணீர்க்குடம் வைத்த மாதிரி கழுத்தை அசைக்காமல் நடந்து வந்தாள்.

அவள் கிளையைப் போட்டுவிட்டு, பையையும் கம்பையும் தூக்கிக்கொண்டு ஓடினாள். பாதி மேட்டில் எதிர்ப்பட்டார்கள். அவர் சட்டை வேர்வையில் ஒட்டிக்கிடந்தது.

"என்னம்மா, பஸ்ஸைக் கூட்டி முடிச்சாச்சா?" என்றார்.

"ஏங்க, பஸ்ஸு வருமே, அங்கேயே இருந்திருக்கலாமே!"

"இருந்தோம், இருந்தோம். நீ பயந்து செத்துடுவேன்னு சின்னது அழுதுச்சு. அடுத்த ஸ்டாப்புக்கு வழின்னு அங்கேயும் பலகை இருந்துச்சு, அப்புறம் என்ன பண்றது?"

பெரியவள் அம்மாவின் காதோடு சொன்னாள்: "முதல்ல கோவமாதாம்மா உக்காந்திருந்தாரு. அப்புறம் எந்திரிச்சு, தோளைக் குடு கண்ணுன்னு கேட்டாரு. அவரேதாம்மா கேட்டாரு."

அம்மா அந்தத் தோளைத் தடவிக் கொடுத்தாள். "வலிக்குதாங்க?" என்றாள் அவரிடம்.

"வலிக்காம இருக்குமா? நல்லாத்தான் வலிக்குது. பாவம், புள்ளை தோளும் வலிச்சிருக்கும்." கொஞ்சம் நின்றார். கீழே நிறுத்தத்தில் நடக்க வந்தவர்கள் நாலைந்து பேர் அப்போதுதான் வந்து உட்கார்ந்து இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவரும் அவர்களைப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார். "கொண்டா அந்தக் கம்பை."

அவள் துண்டை அவிழ்க்கப் பார்த்தாள். முடிச்சு இறுகிக் கிடந்தது. சின்னவள்தான் முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தாள்.

அவர் கம்பை ஊன்றிக் கீழே வந்ததும், கூட்டி வைத்த தரையிலேயே உட்கார்ந்து ரொட்டியும் முட்டையும் தின்றார்கள். ஓடையைப் பார்க்கவில்லையே என்று சின்னவள் சிணுங்கினாள். "அடுத்த தடவை" என்றார் அவர், முட்டையை உரித்துக்கொண்டே, சர்வ சாதாரணமாக. அவள் அந்த வார்த்தையைக் காசு மாதிரி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

திரும்பி வந்த பஸ்ஸில் எல்லாரோடும் ஏறினார்கள். டிப்போ வாசலில் பஸ் நின்றது. கூட்டம் இறங்கியது, பெரியவளும் சின்னவளும் இறங்கினார்கள். அவர் கீழே இறங்கி நின்று, கம்பைத் தூக்கிக் கதவுப் படியில் ஊன்றினார்.

"என்ன சார், அடைச்சுட்டு நிக்கிறீங்க?" என்றான் கண்டக்டர்.

"கொஞ்சம் பொறு தம்பி. பஸ்ஸைப் பிடிச்சு வெச்சிருக்கேன்" என்ற அவர், உள்ளே எட்டி அவளைப் பார்த்தார். "போம்மா. கடைசி சீட்டு வரைக்கும் நிதானமாப் பாத்துட்டு வா."